இரண்டாவது போர்வை

தலையணையோ மெத்தையோ, பஞ்சு திணித்த எது கைக்கு வந்தாலும் பஸீஹா முதலில் அதன் நடுவைத்தான் தொடுவாள். வலது உள்ளங்கையை அடியில் கொடுப்பாள். இடது பெருவிரலை மேலே வைத்து, இரண்டுக்கும் இடையில் இருப்பதை மெல்ல நசுக்கிப் பார்ப்பாள். பிறகு அந்த விரல் ஒவ்வொரு மூலையாக ஊர்ந்து போகும். மூலையில் சற்று நின்று, மறுபடி நடுவுக்கே திரும்பும். கல்யாண வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும்போது யாராவது சாய்ந்துகொள்ளத் தலையணை கொடுத்தாலும், பேச்சு ஒரு பக்கம் நடக்க, கை தன்பாட்டில் அந்த வேலையைத் தொடங்கிவிடும். "பஸீஹா மூட்டப்பூச்சி தேடுறா" என்று கண்டிப் பக்கத்துக் கெலிஓயாப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். கை மட்டும் நிற்காது.

சிரித்தவர்களுக்குக் காரணம் தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்ததில்லை.

கம்பளைக்குப் போகும் பெருந்தெருவிலிருந்து ஓயா ஆற்றை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு இருந்தது. புருஷன் மஹ்மூத் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி வியாபாரம் செய்தவன். வீட்டில் அவனுடைய தாய் கைரியா. பின்வேலி ஓரம் ஒரு இலவ மரம். வேலிக்கு அப்பால் அந்தோனியம்மா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கட்டியவனோடு ஊருக்கு இறங்கி வந்த கிறிஸ்தவ வேதக்காரப் பெண் அவள். அந்த ஒழுங்கையில் எந்த மார்க்கத்துப் பிள்ளை பிறந்தாலும் முதலில் அவள் கையில்தான் விழும்.

பஸீஹாவின் முதல் பிள்ளையும் அந்தக் கையில்தான் விழுந்தது. 1931 மார்கழி. மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. "சின்னதுதான், ஆனா மூக்கும் முழியும் முழுசா வந்துருச்சு" என்று சொல்லி அந்தோனியம்மா அதைச் சீலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்த நாட்கள். சீலைத் துணி குளிரைத் தாங்கவில்லை. வீட்டில் இருந்த கம்பளியோ பிஞ்சு உடம்பில் குத்தியது. தோட்டத்துத் துரை வீட்டு ஜன்னல் வழியாகத் தான் ஒரு தடவை கண்டதை மஹ்மூத் சொன்னான். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, குழந்தை அதற்குள் கோழிக்குஞ்சு மாதிரிக் கிடந்தது என்றான். அவன் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பஸீஹா தைக்க உட்கார்ந்தாள்.

கெலிஓயாவில் அப்படிப் போர்வை தைத்தவர்கள் யாரும் இல்லை. இலவம் பஞ்சு என்றால் அங்கே தலையணை. தலையணை என்றால் மூன்று பக்கம் தைத்து, பஞ்சைத் திணித்து, நாலாம் பக்கத்தை மூடுவது. அவளும் அப்படியே செய்தாள். போர்வை அப்பம் போல உப்பி அழகாக வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குழந்தைக்கு நாற்பது நாள்கூட முடியவில்லை. ஒரு விடியற்காலை பஸீஹா விழித்துக் கை நீட்டியபோது பிள்ளையின் கால் ஓயாக் கல் போலக் குளிர்ந்திருந்தது. போர்வையைத் தூக்கினாள். நடுவில் பஞ்சு இல்லை. விரலும் விரலும் தொடும்படி வெறும் இரண்டு துணி. பஞ்சு முழுவதும் காலடிப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் முஷ்டி பிடித்ததுபோலத் திரண்டு கிடந்தது. சூரியன் ஏறுவதற்குள் பிள்ளை மௌத்தாகிவிட்டது.

குளிர்தான் கொண்டுபோனதா, வேறு எதுவுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாதம் நிறையாத பிள்ளை, அல்லாஹ்வின் நாட்டம் என்று ஊர் சொன்னது. பஸீஹாவும் வாயால் அதையே சொன்னாள். மஹ்மூதிடம் மட்டும் ஒரு முறை, "அந்தப் பஞ்சு என்ன ஏமாத்திப் போட்டுது" என்றாள். அதற்குப் பிறகு இலவம் பஞ்சு திணித்த தலையணையில் அவள் தலை வைக்கவில்லை. சீலையை மடித்து வைத்துக்கொண்டு படுத்தாள். பங்குனியில் காய் வெடித்து, வெள்ளையாக முற்றத்தில் பறந்து வந்தால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வருஷம் வந்தது. மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறெல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கியது. கேகாலைப் பக்கம் தொடங்கிய மலேரியாக் காய்ச்சல் கண்டி வரைக்கும் வீடு விடாமல் ஏறியது. புடவை மூட்டையோடு கேகாலைக்குப் போன மஹ்மூத் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான். 1935 தை மாதத்தில் அவன் மௌத்தாகி ஜனாஸா எடுத்தார்கள். பஸீஹாவுக்கும் காய்ச்சல் வந்து, கொயினா மருந்தைக் கசக்கக் கசக்க விழுங்கிப் பிழைத்தாள். அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பம்.

கர்ப்பிணியாகப் புருஷனை இழந்தவளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை இத்தா. வெளியே போகக் கூடாது; பிற ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வெள்ளைச் சீலை உடுத்து, உள்ளறையில் இருந்தாள்.

காய்ச்சல் தெளிந்த பிறகு ஒரு நாள் அந்தோனியம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தடவி முடித்தும் கையை எடுக்கவில்லை.

"சொல்லுங்க அக்கா. நான் கேட்டுக்குவன்."

"காச்சக் கண்ட வயிறு பஸீஹா. புள்ள சின்னதாத்தான் வரும். ஆடிக்கு முன்னபின்ன பொறக்கும். மழையும் காத்துமா இருக்குமே, அப்ப சூடா வச்சிக்கணும். அது ஒங்க கையிலதான் இருக்கு."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் "ஒங்க கையிலதான்" என்ற சொல் பஸீஹாவின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றுவிட்டது. அன்று முதல் அவளுக்கு வேறு யோசனை இல்லை. மஹ்மூதைப் பற்றி அழுவதைக்கூட ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு போர்வை. அதற்குள் எதை வைப்பது?

அவளுடைய காக்கா முஹைதீன் கண்டிப் பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் நின்றான். வெள்ளிதோறும் ஜும்மா முடிந்து தங்கையைப் பார்க்க வருவான். கடை கடையாகப் போய்ப் பஞ்சைத் தொட்டுப் பார்க்க அவளால் ஏலாது என்பதால், ஒவ்வொரு பஞ்சிலும் ஒரு பிடி வாங்கி வரச் சொன்னாள். கைலேஞ்சியின் மூலைக்கொன்றாக முடிந்து கொண்டுவந்தான்.

"இது பம்பாயிலருந்து வாற பருத்தி. இது மருந்துக் கடையில விக்கிற ஆஸ்பத்திரிப் பஞ்சு, பாருங்க என்ன வெள்ள எண்டு. இது பழைய மெத்தைப் பஞ்ச கொட்டி எடுத்தது. இந்தக் கடைசி முடிச்சு கம்பளி ரோமம்." ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பாயில் வைத்தான். "எங்கட முதலாளி கேட்டாரு, ஒண்ட தங்கச்சி பஞ்சு வாங்குறாளா, இல்லாட்டி மாப்புள பாக்குறாளா எண்டு."

"முஹைதீன்!" என்று கைரியா அடுப்படியிலிருந்து அதட்டினாள். "இத்தாவுல இரிக்கிற புள்ளக்கி முன்னால பேசுற பேச்சா அது?"

முஹைதீன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பஸீஹாவுக்கோ, மஹ்மூத் போன பிறகு முதல் தடவையாக உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "பாத்தா என்ன மாமி? இந்த மாப்புளையாச்சும் குணம் பாத்துத்தான் எடுக்கோணும்" என்றாள். சொன்ன கையோடு கண் கலங்கியது. முடிச்சுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க அதே வேலை. கம்பளி ரோமத்தைத் துணியில் வைத்துத் தைத்துத் தன் கழுத்தடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் அந்த இடம் சிவந்துவிட்டது. அதை ஒதுக்கினாள். மெத்தைப் பஞ்சில் யாரோ பல வருஷம் வியர்த்த மணம் போகவே இல்லை. ஆஸ்பத்திரிப் பஞ்சு தொட்டால் பூ மாதிரி இருந்தது. குழந்தை என்றால் நனைக்கும் என்று யோசித்து அதைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்தாள். அது கஞ்சி மாதிரிப் படிந்துவிட்டது. வெயிலில் காய்ந்தும் எழும்பவே இல்லை.

மிஞ்சியது பம்பாய்ப் பருத்தி. அதைத் துணிக்குள் வைத்து உதறினாள், முறுக்கினாள், காலால் உதைத்தாள். பஞ்சு வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. நனைத்துக் காயவைத்தாலும் அதே இடத்தில் இருந்தது. கைரியாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"பாருங்க மாமி. இது ஓடாது. நடுவுலயே நிக்கிது."

கைரியா கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "நிக்கிறது சரி. கனக்குதே மகள். ஒரு துண்டே இந்தக் கனம் எண்டா, முழுசாத் தச்சா என்னத்துக்கு ஆகும்? காச்சக் கண்ட புள்ள. நெஞ்சு இதத் தூக்கி மூச்சு விடுமா?"

"வேற என்ன இரிக்கி?"

"வேலில காய் வெடிச்சி நிக்கிது."

பஸீஹாவின் முகம் மாறியது. "அத எனக்கு முன்னால சொல்ல வேணாம் மாமி."

"பஞ்சுல பிழை இல்ல மகள்."

"அப்ப யாருல பிழை?"

கைரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பருத்தித் துண்டை மருமகளின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். சற்று நேரத்தில் பின்வேலியில் கொக்கத்தடி கிளையில் படும் சத்தம் கேட்டது. வயது போன மனுஷி, வெயிலில் நின்று ஒவ்வொரு காயாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தோனியம்மா ஒரு கூடைக் காயை உடைக்க வந்து உட்கார்ந்தாள். கைரியா ஆழமான கூடைக்குள் பஞ்சைப் போட்டு, நுனியில் குறுக்குக் குச்சி கட்டிய கம்பை இரண்டு கைக்கும் நடுவே வைத்து மத்துப் போலக் கடைந்தாள். கொட்டை அடியில் விழ, பஞ்சு நுரை மாதிரி மேலே ஏறியது. இருவர் தலையும் புருவமும் வெளுத்துவிட்டன.

"கைரியா உம்மா, ஒங்களப் பாத்தா கிறிஸ்மஸ் தாத்தா மாதிரியே இருக்கு" என்றாள் அந்தோனியம்மா.

"ஒன்னப் பாத்தா மட்டும் என்ன? மாவுச் சட்டிக்குள்ள விழுந்த பூனை."

உள்ளறையில் பஸீஹாவுக்கு அவர்கள் சிரிப்புக் கேட்டது. அவள் பாயில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் ஒரே அளவில் தைத்த இரண்டு சின்னத் திண்டுகள். ஒன்றில் பருத்தி. மற்றதில் இலவம் பஞ்சு. விடியற்காலையில் முற்றத்தில் பறந்து கிடந்ததைத் தானே பொறுக்கி, யாருக்கும் காட்டாமல் வைத்துத் தைத்தது. மாமி சொன்ன அந்தக் கனம் அவளைத் தூங்கவிடவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் வயிற்றுப் பிள்ளை லேசாக உதைக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துப் பருத்தித் திண்டை வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை அசைவது அவளுக்குத் தெரிந்தது. திண்டில் ஒரு அசைவும் தெரியவில்லை. மண் கட்டி போலக் கிடந்தது. எடுத்துவிட்டு இலவம் பஞ்சை வைத்தாள். பிள்ளை உதைத்தது. திண்டு மெல்லத் துள்ளி, உருண்டு விழப் பார்த்தது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு உதை. இன்னும் ஒரு துள்ளல். அந்த உதையே தூக்கிவிடும் அளவுக்கு லேசானது, இத்தனை வருஷம் அவள் கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் பஞ்சுதான்.

அப்படியானால், என்று அவளுடைய யோசனை ஓடியது, பஞ்சு ஏமாற்றவில்லை. அதை ஓடவிட்டது யார்? தலையணைத் தையல். ஒரு பெரிய பையைத் தைத்து, நடுவில் ஒரு நூல்கூட ஓட்டாமல், பறக்கிற சாமானை அதற்குள் அடைத்து, நில் என்றால் அது நிற்குமா? பஞ்சின் மேல் பழியைப் போட்டு மூன்று வருஷம் தலை சாய்த்துவிட்டாள். இப்போது அந்தப் பழியை அங்கிருந்து எடுத்தால் வைக்க வேறு இடம் இல்லை. தன் இரண்டு கைதான். இந்தப் பிள்ளை லேசாக மூச்சு விட வேண்டுமென்றால் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். வெகு நேரம் கிடந்தாள். வயிற்றின் மேல் திண்டு ஏறி ஏறி இறங்கியது.

எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்வாசலுக்கு வந்தாள்.

"மாமி, அந்தப் பஞ்சத் தாங்க. நான் தைக்கிறன்."

கைரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரி. பஞ்சுல பிழை இல்ல. தையல்ல பிழை. என்ட கைப்பிழை மாமி. என்ட புள்ளைய நான்தான்..."

கடைந்துகொண்டிருந்த கம்பு நின்றது. அந்தோனியம்மா கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டுக் கைரியாவைப் பார்த்தாள். கைரியா யாரையும் பார்க்கவில்லை. மூக்கில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் கூடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பு மறுபடி சுழன்றது, முன்னைவிட வேகமாக.

முஹைதீன் நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணி கொண்டுவந்தான். அதில் பஸீஹா சோக்குக் கட்டியால் கோடு கிழித்தாள். நெடுக்காக நூல் ஓட்டி ஒடுக்கமான குழாய்கள் ஆக்கினாள். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு சிட்டிகைப் பஞ்சை ஈர்க்கால் தள்ளி, குறுக்கே ஒரு தையல். அதன் மேல் இன்னொரு சிட்டிகை, இன்னொரு தையல். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்ன அறைகள். பஞ்சு பறக்காமலிருக்க வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டுதான் தைத்தாள்.

"இது போர்வையா, போகம்பரை மறியலா?" என்று கண்டிச் சிறைச்சாலையின் பேரைச் சொன்னான் முஹைதீன். "எத்தின அறை!"

"மறியல்தான் காக்கா. ஒருத்தரும் வெளிய ஓட ஏலா."

பிள்ளை ஆடி பிறக்கும் முன்பே வந்துவிட்டது. ஆண். அந்தோனியம்மாவின் ஒரு கைக்குள் அடங்கியது. அழுகைகூடப் பூனைக்குட்டிச் சத்தம். ஓயா இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடிய மழைக்காலம். பஸீஹா போர்வையின் நடுவில் கை வைத்தாள், பஞ்சு இருந்தது. சற்றுக் கண்ணயர்ந்து விழித்து மறுபடி வைத்தாள், இருந்தது. பிள்ளையின் நெஞ்சு அந்தப் போர்வையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தது. நாற்பது முடிந்தது. தலைமுடி இறக்கி, ஜமால்தீன் என்று பெயர் வைத்த பிள்ளை நெய் வைத்ததுபோல மினுமினுப்பாகிவிட்டான்.

கைரியா பேரனை மடியை விட்டு இறக்க மாட்டாள். குளிப்பாட்டுவது, மருந்து உரைப்பது எல்லாம் அவள்தான். போர்வையை மட்டும் அவள் தொட்டதே இல்லை. பிள்ளை நனைத்துவிட்டால், "மகள், வந்து எடுங்க" என்று கூப்பிடுவாள். பஸீஹா வேலையாக இருந்தால் வரும்வரை காத்திருப்பாள். மாமிக்கு அந்தப் போர்வையில் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் பஸீஹா நினைத்தாள்.

அடுத்த வருஷங்களில் சின்னதாகப் பிள்ளை பிறந்த வீடுகளிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. பேராதனையிலிருந்தும் குண்டசாலையிலிருந்தும்கூட வந்தார்கள். எல்லோருக்கும் அதே அறை அறையான தையல், அதே பஞ்சு. யாராவது பெரிய அறையாகச் சீக்கிரம் தைத்துத் தரக் கேட்டால், "ஏலா. முந்தி ஒருக்கா அப்படித் தச்சன்" என்பாள். மேலே கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

கைரியா 1938 கடைசியில் மௌத்தானாள். இதை எழுதுகிற என்னிடம் அந்தோனியம்மா இந்தக் கடைசிச் சங்கதியைச் சொன்னது அதற்குப் பிறகு. இந்த வரலாற்றின் மீதி எல்லாம் நான் எழுதி முடித்திருந்த நேரம். முதல் பிள்ளை இறப்பதற்கு முந்தின நாள் அது போர்வையை நனைத்திருந்தது. தொழுகிற வீட்டில் நஜீஸ், அசுத்தம், படக் கூடாது என்று, பஸீஹா அசதியில் தூங்கிக்கொண்டிருந்த வேளையில் கைரியா அதை ஓயாவுக்கு எடுத்துப் போய் ஓடுகிற தண்ணீரில் அலசினாள். பிழிந்து கொண்டுவந்து, மேல் மூலைகள் இரண்டையும் வேலியில் கட்டித் தொங்கவிட்டாள்; ஈரப் பஞ்சு தன் பாரத்திலேயே கீழ் மூலைகளுக்கு இறங்கியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அந்தோனியம்மா அதைப் பார்த்தாள். பொழுது சாய்ந்து துணி காய்ந்த பிறகு, அவிழ்த்துப் போய்க் குழந்தைக்குப் போர்த்திவிட்டவளும் கைரியாதான்.